சேலத்திலிருந்து ஆஸ்திரேலியா: தூரத்தை முன்வைத்துத் திட்டம் போடுவது எப்படி?

அழகாபுரத்திலும் ஃபேர்லேண்ட்ஸிலும் அஸ்தம்பட்டியிலும் ஆஸ்திரேலியாவில் பிள்ளை இருக்கிற வீடுகள் இப்போது நிறைய. பயணப் பேச்சு எடுத்ததும் முதலில் விசாவைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்து டிக்கெட் விலை. அதற்கு அப்புறம் தவறாமல் ஒன்று வரும்: "பையன் மெல்போர்ன்லதானே இருக்கான், அப்படியே பெர்த்ல இருக்கிற தம்பி மகளையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்." மெல்போர்னிலிருந்து பெர்த்துக்கு விமானத்திலேயே நான்கு மணி நேரம் ஆகும். சாலை வழி என்றால் சுமார் 3,400 கி.மீ. நம் சேலத்திலிருந்து டெல்லி வரை போய், அதற்கு மேலும் ஆயிரம் கி.மீ. ஓட்டுகிற தூரம் அது. ஆஸ்திரேலியப் பயணத்தில் பணமும் உடம்பும் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். அதனால் விசாவுக்கு முன்னால், டிக்கெட்டுக்கு முன்னால், தூரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1. முதலில் வரைபடத்தை விரியுங்கள்

ஆஸ்திரேலியாவின் பரப்பு சுமார் 76.9 லட்சம் சதுர கி.மீ. இந்தியா சுமார் 32.9 லட்சம். அதாவது நம் நாட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மக்கள்தொகை மூன்று கோடிகூட இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் மட்டும் 7.2 கோடிப் பேர் இருந்தோம். அந்தக் கொஞ்சம் பேரும் பெரும்பாலும் தென்கிழக்குக் கடற்கரையிலும், தனியாக மேற்கு மூலையில் பெர்த்திலும் வசிக்கிறார்கள். நடுவில் இருப்பது வறண்ட நிலம். புதிய பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் எந்த ஊருக்கும் அடுத்த பத்து நிமிடத்தில் வண்டி கிடைக்கும் என்ற நம் பழக்கம் அங்கே உதவாது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே பல இடங்களில் ஒரு நாளைக்கு ஒரு பேருந்துதான், சில இடங்களில் அதுவும் கிடையாது.

சில தூரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிட்னி–மெல்போர்ன் சாலையில் சுமார் 880 கி.மீ. மெல்போர்ன்–அடிலெய்டு 730. பிரிஸ்பேன்–கெய்ன்ஸ் 1,700, இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் இருக்கிற ஊர்கள், அதையும் கவனியுங்கள். சிட்னி–பெர்த் 3,900 கி.மீ. அப்புறம் எல்லோரும் பார்க்க ஆசைப்படுகிற அந்தச் சிவப்புப் பாறை, உலூரு: அதற்குப் பக்கத்து ஊர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று புத்தகங்களில் போட்டிருக்கும், அந்தப் "பக்கம்" 450 கி.மீ.

இதிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். இரண்டு வாரம் என்றால் இரண்டு இடம், மூன்று நான்கு வாரம் என்றால் மூன்று இடம், அதற்கு மேல் சேர்க்காதீர்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு விமானத்தில் போவது ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும், வீட்டிலிருந்து கிளம்பி, சோதனை முடித்து, இறங்கி, பெட்டி எடுத்து, தங்கும் இடம் சேர்வதற்குள் அந்தப் பகல் போய்விடும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அடுத்த நாள் காலையும் ஓய்வுக்கே சரியாகிவிடும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை: சிட்னியில் இறங்குங்கள், மெல்போர்னிலிருந்து ஊர் திரும்புங்கள், நடுவில் உலூருவோ கெய்ன்ஸோ ஏதாவது ஒன்று. இறங்கிய ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உள்ளே ஒரு ஊர், வெளியே வேறொரு ஊர் என்று ஒரே டிக்கெட்டாக எடுக்க முடியும், விலையும் பெரும்பாலும் பெரிதாக மாறாது. இது தெரியாமல் கடைசி நாளில் மெல்போர்னிலிருந்து சிட்னிக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர்.

2. எந்த மாதம் போவது

பருவம் நமக்குத் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர். ஆனால் இவ்வளவு பெரிய நாட்டுக்கு ஒரே பருவம் சொல்ல முடியாது. சிட்னி, மெல்போர்ன், டாஸ்மேனியா பக்கம் என்றால் அக்டோபர்–நவம்பர் அல்லது மார்ச்–ஏப்ரல் நல்ல காலம். வடக்கே கெய்ன்ஸ், டார்வின் போக வேண்டும் என்றால் மே முதல் செப்டம்பர் வரை. மற்ற மாதங்களில் மழை, புழுக்கம், போதாததற்குக் கடலில் கொடிய ஜெல்லி மீன்கள். உலூருவுக்கும் மே முதல் செப்டம்பர்தான். கோடையில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அந்தக் குளிர் மாதங்களில் பகல் இதமாக இருந்து இரவு உறைநிலையை நெருங்கும்.

நம் ஊரில் ஏப்ரல், மே விடுமுறை. ஏப்ரல் தெற்குப் பகுதிக்கு அருமை, மே வடக்கே நன்றாக இருக்கும், ஆகவே பேரப்பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் அங்கே பள்ளி விடுமுறை. டிக்கெட், அறை எல்லாமே விலை ஏறியிருக்கும், காட்டுத் தீ வரும் காலமும் அதுதான். பிள்ளை "லீவு அப்பதான் கிடைக்கும்" என்று சொன்னால் சரி, போகத்தான் வேண்டும். அப்போது ஆறு மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

மெல்போர்ன் குளிரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஜூலையில் பகலில் 14 டிகிரி, இரவில் 6, 7. டிசம்பர் இரவில் ஏற்காட்டில் தங்கியவர்களுக்கு இந்த எண்கள் பயமுறுத்தாது, ஆனால் மெல்போர்னில் காற்று சேர்ந்து வரும், ஒரே நாளில் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும். ஒரு தடித்த ஸ்வெட்டரைவிடக் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் ஒன்று, உள்ளே இரண்டு மெல்லிய உடை, இதுதான் உதவும்.

3. பாஸ்போர்ட், பெயர், விசா

பாஸ்போர்ட்டுக்குச் சென்னை, கோவை அலைய வேண்டாம். சேலம் தபால் நிலையப் பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே முடித்துக்கொள்ளலாம். பயணத் தேதிக்கு அப்புறம் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கட்டும்.

நம் ஆட்களுக்கு வருகிற பெரிய சிக்கல் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒருவருடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொருவருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கும், பான் அட்டையில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி. விசா விண்ணப்பத்திலும் விமான டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான் என்றால் விசா படிவத்தில் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுத வேண்டும். டிக்கெட்டில் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடமாட்டார்கள். எப்படி நிரப்புவது என்று ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒரு முறை வைத்திருக்கிறது, பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். ஆவணங்களில் பெயர் வேறு வேறாக இருந்தால் எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு நோட்டரி பிரமாணப் பத்திரம் எடுத்துச் சேர்த்துவிடுவது நல்லது.

சுற்றிப் பார்க்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் எடுப்பது 600 என்ற எண் கொண்ட பார்வையாளர் விசா. இம்மிஅக்கவுண்ட் என்ற அரசுத் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஏஜென்ட் இல்லாமல் முடியாது என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். ஆங்கிலப் படிவத்தை நிதானமாக நிரப்பக்கூடிய பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். கட்டணம் பெரும்பாலும் ஜூலை 1 அன்று மாறும், விண்ணப்பிக்கும் அன்று தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குள் சுற்றுலாப் பிரிவு ஒன்று, குடும்பத்தினர் பொறுப்பேற்று அழைக்கும் பிரிவு ஒன்று. இரண்டாவதில் அங்கே இருக்கிற பிள்ளையிடம் ஈட்டுத்தொகை கேட்கலாம், அங்கிருந்தபடி தங்கும் காலத்தை நீட்டவும் முடியாது. சாதாரணமாகச் சுற்றுலாப் பிரிவே போதும்.

அதிகாரி பார்ப்பது இரண்டு விஷயம்: செலவுக்குப் பணம் இருக்கிறதா, போனவர் திரும்பி வருவாரா. பணத்துக்கு ஆறு மாத வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல், ஓய்வூதிய ஆணை. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரிடமோ வாங்கி மொத்தமாக ஐந்து லட்சம் போட்டால் அது கணக்கில் பளிச்சென்று தெரியும், அப்படிச் செய்யாதீர்கள். திரும்பி வருவதற்கு வீட்டுப் பத்திரம், நிலம், கடை உரிமம், வேலையில் இருந்தால் விடுப்புக் கடிதம், இங்கே இருக்கிற மற்ற பிள்ளைகளின் விவரம். பிறப்புச் சான்றிதழ், பத்திரம் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவர் பெயர், முகவரி, தகுதி அதில் இருக்க வேண்டும். பிள்ளையிடமிருந்து ஓர் அழைப்புக் கடிதமும், அவருடைய பாஸ்போர்ட், விசா நகலும் சேர்த்துவிடுங்கள்.

கைரேகை பதியச் சொல்லிக் கடிதம் வந்தால் சென்னை அல்லது பெங்களூர் மையத்துக்குப் போக வேண்டியிருக்கும். 75 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கேட்க வாய்ப்பு அதிகம், அதற்குத் தனியாகச் சில வாரம் வைத்துக்கொள்ளுங்கள். விசா கிடைத்தால் பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்டமாட்டார்கள், மின்னஞ்சலில் ஒரு கடிதம் வரும். அதை அச்செடுத்துத் தேதிகளையும் நிபந்தனைகளையும் படியுங்கள். "ஒவ்வொரு வருகைக்கும் மூன்று மாதம்" என்று இருந்தால் மூன்று மாதம்தான். விசா ஒரு வருடத்துக்கு இருக்கிறதே என்று தங்கிவிடக் கூடாது.

விசா கையில் வராமல் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்கவே எடுக்காதீர்கள்.

4. எந்த விமான நிலையம்

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பெங்களூர், சென்னை, திருச்சி, கோவை நான்குமே நமக்கு எட்டும் தூரம்.

பெங்களூரிலிருந்து சிட்னிக்கு நேரடி விமானம் 2022 செப்டம்பரில் குவான்டாஸ் தொடங்கியது. நடுவில் இறங்கி மாற முடியாத முதியவர்களுக்கு இதுதான் சிறந்தது, விலை கொஞ்சம் கூட இருந்தாலும். சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு வழியாகப் போகலாம். திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் ஸ்கூட் சிங்கப்பூருக்குப் பறக்கிறது, அங்கிருந்து அதே நிறுவனம் சிட்னி, மெல்போர்ன், பெர்த் போகிறது. சேலத்திலிருந்து திருச்சி மூன்று மணி நேரத்துக்குள் என்பதால் இளைஞர்களுக்கு நல்ல வழி. சாப்பாடு, பெட்டி எல்லாவற்றுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் கூட்டிப் பார்த்து விலையை ஒப்பிடுங்கள்.

மாறிப் போகிற பயணம் என்றால் முழு வழியும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது, நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டி வரலாம், அதற்கு விசா கேட்பார்கள். காமலாபுரத்தில் இருக்கிற நம் சேலம் விமான நிலையத்திலிருந்தே சென்னை, பெங்களூருக்கு விமானம் இருக்கிறதே, அதைப் பிடித்துப் போகலாமே என்று தோன்றும். அதே காரணத்துக்காகத் தனி டிக்கெட்டில் அப்படிப் போவதானால் முந்தின நாளே போய்விடுங்கள்.

பெங்களூருக்குக் கார் வைத்துப் போகிறவர்கள் கவனிக்க: ஊர் 200 கி.மீ.தான், ஆனால் விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊருக்கு அந்தப் பக்கம். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், ஓசூர் தாண்டியதும் நெரிசல். விமானத்துக்குப் பத்து மணி நேரம் முன்பு சேலத்தைவிட்டுக் கிளம்புங்கள். சீக்கிரம் போய் உட்கார்ந்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

5. பெட்டியில் என்ன, என்ன கூடாது

இதை அவசரமாகப் படிக்காதீர்கள். சுற்றிலும் கடல் இருப்பதால் பல பயிர் நோய்களும் கால்நடை நோய்களும் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்ததே இல்லை. நம் மாடுகளுக்கு வருகிற கோமாரி நோய் அங்கே 1872-க்கு அப்புறம் கிடையாது. ஒரு மாம்பழத்தில் இருக்கிற புழு, ஒரு செருப்பில் ஒட்டிய சேறு போதும், அவர்கள் விவசாயமே ஆட்டம் காணும். அதனால்தான் விமான நிலையத்தில் அவ்வளவு கெடுபிடி. மோப்ப நாய் இருக்கும், எக்ஸ்ரே இருக்கும்.

சேலத்து மல்கோவா, கறிவேப்பிலை, முருங்கைக்காய், பச்சை மிளகாய் கூடவே கூடாது. கீரை விதை, பூச்செடி விதை கூடாது. பால்கோவா போன்ற பால் இனிப்புகள் வேண்டாம். மாவிலை, அருகம்புல், தர்ப்பை, பூமாலை எல்லாம் இங்கேயே விட்டுவிடுங்கள். மசாலாத் தூள், பருப்பு, ஊறுகாய், வறுத்து அரைத்த ஏற்காட்டுக் காபித்தூள், தட்டுவடை, முறுக்கு மாதிரியானவை கடையில் ஒட்டிய பாக்கெட்டாக, உள்ளே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டதாக இருந்தால் பிரச்சினை குறைவு. காபிக்கொட்டையைப் பச்சையாக எடுத்துப் போகாதீர்கள்.

விமானத்தில் ஓர் அட்டை தருவார்கள். உணவுப்பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு, ஒரு பாக்கெட் பொடி இருந்தாலும், "ஆம்" என்று குறியுங்கள். "ஆம்" போட்டவருக்கு அபராதம் கிடையாது. அதிகாரி பார்ப்பார், கூடாததை எடுத்துக்கொள்வார், மற்றதோடு அனுப்பிவிடுவார். "இல்லை" என்று போட்டு உள்ளே இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர் வரை அபராதம் வரலாம், விசாவை ரத்து செய்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கடந்த 30 நாளில் பண்ணை, கால்நடை பக்கம் போனீர்களா என்றும் கேட்பார்கள். தோட்டம், மாடு வைத்திருக்கிற சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கும், கிளம்புவதற்கு முந்தின வாரம் ஏற்காட்டு எஸ்டேட்டுக்குப் போனவர்களுக்கும் இதற்குப் பதில் "ஆம்"தான். அந்த ஷூவைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள்.

மருந்து மூன்று மாதத்துக்கு மேல் கூடாது, அட்டையைப் பிரிக்காமல், மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு, கைப்பையில். 10,000 ஆஸ்திரேலிய டாலர் அல்லது அதற்கு மேல் ரொக்கம் என்றால் சொல்ல வேண்டும். மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட்தான், ஆனால் பிளக்கின் தட்டையான முள்கள் சாய்வாக இருக்கும். அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

6. காப்பீடு, பணம்

இந்தியச் சுற்றுலாப் பயணிக்கு அங்கே அரசு மருத்துவம் இலவசம் இல்லை. ஆம்புலன்ஸுக்கே பெரிய தொகை வரும். பயணக் காப்பீடு எடுக்காமல் பெற்றோரை விமானம் ஏற்ற வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஏற்கெனவே வைத்த ஸ்டென்ட் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி, அவற்றுக்கும் பாதுகாப்பு தருகிற பாலிசியாகத் தேடுங்கள். பிரீமியம் கூடும், கூடட்டும்.

பணத்துக்கு ஒரு ஃபாரெக்ஸ் அட்டையும், அவசரத்துக்குச் சில நூறு டாலர் ரொக்கமும் போதும். தேநீர்க் கடை வரைக்கும் அட்டைதான். டிப்ஸ் கொடுப்பது கட்டாயம் இல்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டிலுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கடைகள் மாலை ஐந்து, ஐந்தரைக்கே மூடிவிடும், சூப்பர் மார்க்கெட்டுகள் தவிர. இரவு ஒன்பதரைக்கு டிபன் கிடைக்கும் என்று கிளம்பினால் பல இடங்களில் அடுப்பு அணைந்திருக்கும்.

7. நகரத்துக்குள் சுற்றுவது

இதில் கவலையே வேண்டாம். சிட்னியில் ரயில், பேருந்து, படகு எல்லாவற்றுக்கும் ஓப்பல் அட்டை, அல்லது உங்கள் வங்கி அட்டையையே தட்டலாம். ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும், ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருப்பதால் நாள் முழுக்கச் சுற்றலாம், வார இறுதியில் அது இன்னும் குறைவு. மேன்லி படகில் ஏறினால் ஓப்பரா ஹவுஸும் பாலமும் தண்ணீரிலிருந்து தெரியும். தனிச் சுற்றுலாப் படகுக்குக் கொடுக்கிற பணம் மிச்சம்.

அதே அட்டையில் புளூ மவுன்டன்ஸ் என்ற மலைப்பகுதிக்குப் போகலாம். சென்ட்ரலிலிருந்து கட்டூம்பாவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். ஏற்காட்டைவிட உயரம் குறைவுதான், ஆனால் பள்ளத்தாக்கின் அகலம் வேறு. சேர்வராயன் மலைக்காரர்களுக்கு இந்த நாட்டு மரம் ஒன்று ஏற்கெனவே பழக்கம்: காபித் தோட்டத்தில் நிழலுக்கு நின்று மிளகுக் கொடியைத் தாங்குகிற சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்ததுதான்.

மெல்போர்னில் மைக்கி அட்டை. நகர மையத்துக்குள் டிராம் இலவசம், அந்த எல்லையைத் தாண்டினால் தட்ட வேண்டும். மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலம் முழுக்க, வி-லைன் என்ற வெளியூர் ரயிலுக்கும் 2023 மார்ச் முதல் நகர ரயிலின் ஒருநாள் கட்டணமே உச்சவரம்பு; பல்லராட், பென்டிகோ, கடற்கரையில் வார்னம்பூல் வரை அந்தக் காசுக்குள் போய்வரலாம். பிரிஸ்பேனில் 2024 ஆகஸ்டு முதல் ஒரு பயணத்துக்கு 50 சென்ட்தான். பெர்த் மையத்தில் கேட் என்கிற பேருந்துகள் இலவசம். நம் மூத்த குடிமக்கள் அட்டை அங்கே செல்லாது, முழுக் கட்டணம்தான்.

கோயிலுக்கு: சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் வெங்கடேஸ்வரர் கோயில், மேற்கே மேஸ் ஹில்லில் முருகன் கோயில். மெல்போர்னில் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில், ராக்பேங்க்கில் குன்றத்துக் குமரன். ஹெலன்ஸ்பர்க்கும் ராக்பேங்க்கும் ஊரைவிட்டுத் தள்ளி இருப்பவை, கார் இருந்தால்தான் வசதி. காய்கறி, அரிசி, இட்லி மாவுக்கு சிட்னியில் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், மெல்போர்னில் டான்டினாங் போனால் போதும்.

8. ஊர் விட்டு ஊர்

விமானம்தான் முதுகெலும்பு: குவான்டாஸ், வெர்ஜின், ஜெட்ஸ்டார். மலிவு டிக்கெட்டில் கைப்பை ஏழு கிலோதான், வாசலில் நிறுத்தி எடை போடுவார்கள். பெரிய பெட்டிக்கு டிக்கெட் எடுக்கும்போதே பணம் கட்டிவிடுங்கள், விமான நிலையத்தில் கட்டினால் பல மடங்கு. மெல்போர்னுக்கு இரண்டு விமான நிலையம்: டல்லமரைன், அவலான். அவலான் வெகு தூரம், டிக்கெட்டில் எது என்று பாருங்கள்.

சிட்னி–மெல்போர்ன் ரயில் 11 மணி நேரம். பகல் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாட்டைப் பார்க்க ஆசை இருந்தால் நல்லது, அவசரத்துக்கு உதவாது. சிட்னி–பெர்த் இந்தியன் பசிஃபிக் ரயில் 4,352 கி.மீ.; நடுவில் நல்லர்போர் சமவெளியில் 478 கி.மீ. ஒரு வளைவுகூட இல்லாமல் தண்டவாளம் நேராக ஓடுகிறது. இது படுக்கை, சாப்பாடு எல்லாம் சேர்ந்த உல்லாச ரயில், விமானத்தைவிடப் பல மடங்கு விலை. நம் ஸ்லீப்பர் வகுப்பை மனதில் வைத்துக் கேட்காதீர்கள்.

உலூருவுக்கு நேராக ஏயர்ஸ் ராக் விமான நிலையத்துக்கே டிக்கெட் எடுங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இறங்கினால் அந்த 450 கி.மீ. பாக்கி இருக்கும். பாறை 348 மீட்டர் உயரம். அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கு அது புனிதத் தலம். 1985-ல் நிலம் அவர்களிடம் திருப்பித் தரப்பட்டது, 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதற்குத் தடை. சுற்றி நடக்கலாம், பத்து கி.மீ. சொச்சம். திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் போகிற கால்களுக்கு இது முடியும், அதே மனநிலையோடு விடியலில் நடந்தால் அந்த இடம் இன்னும் நன்றாகப் புரியும். சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும், மதியுங்கள்.

9. கார் ஓட்டுவதானால்

இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது நமக்குச் சுலபம். தமிழ்நாட்டு உரிம அட்டை ஆங்கிலத்தில் இருப்பதால் பார்வையாளராக ஓட்டலாம், கூடவே ஆர்.டி.ஓ.விடம் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும், வாடகை நிறுவனங்கள் கேட்கும். முன்பணம் பிடித்து வைக்க ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும்.

ஊருக்குள் 50, பள்ளி நேரத்தில் பள்ளிப் பக்கம் 40, நெடுஞ்சாலையில் 100 அல்லது 110. கேமரா எங்கும் உண்டு, கையில் போன் இருப்பதையும் பெல்ட் போடாததையும் படம் பிடிக்கும், அபராதம் வாடகை நிறுவனம் வழியாக உங்களைத் தேடி வரும். பெரிய நகரங்களில் சுங்கச் சாலையில் சாவடியே இருக்காது, காரில் நம் ஃபாஸ்டேக் மாதிரி டேக் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

ஆனால் உண்மையான ஆபத்து வேறு. விடியலிலும் அந்தியிலும் கங்காரு ரோட்டுக்குப் பாயும்; ஊருக்கு வெளியே இருட்டிய பின் ஓட்டாதீர்கள். பல ஒப்பந்தங்களில் மண் சாலையில் போனால் காப்பீடு செல்லாது, சிலவற்றில் இரவில் ஓட்டினாலும் செல்லாது. உள்நாட்டுச் சாலையில் ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமான லாரித் தொடர் வரும், அதை முந்த ஒரு கி.மீ. காலிச் சாலையாவது தெரிய வேண்டும். பங்க் கண்ணில் பட்டால் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்புங்கள், தண்ணீர் ஆளுக்குப் பல லிட்டர் வண்டியில் இருக்கட்டும், டெல்ஸ்ட்ரா என்ற தொலைபேசி நிறுவனத்தின் சிம் வைத்திருங்கள், அப்போதும் பல இடங்களில் சிக்னல் இருக்காது. சைவம் சாப்பிடுகிறவர்கள் புளிக்காய்ச்சலும் கொஞ்சம் அவலும் எடுத்துப் போங்கள். வழியோரக் கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

முதல் முறை ஓட்ட ஏற்ற வழி கிரேட் ஓஷன் ரோடு என்ற கடற்கரைச் சாலை. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை வெட்டிய சாலை, சுமார் 240 கி.மீ. மெல்போர்னிலிருந்து ஒரே நாளில் போய்வரும் பேருந்துகள் இருக்கின்றன, 12 மணி நேரம் உட்கார வைத்துவிடும். அப்பல்லோ பேயில் ஓர் இரவு தங்கிப் போனால் மாலை வெயிலில் கடலுக்குள் தூண் தூணாக நிற்கிற பாறைகளை நிதானமாகப் பார்க்கலாம். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவருக்கு வளைவு பயமில்லை. பின்னால் வருகிறவர் வேகமாக வந்தால் ஒதுக்குமிடத்தில் நிறுத்தி வழிவிடுங்கள்.

கடலில் இறங்கினால் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும். வடக்கே ஆற்றிலும் கழிமுகத்திலும் முதலை உண்டு, எச்சரிக்கைப் பலகை இருந்தால் கரையோரம் கால்கூட நனைக்க வேண்டாம். அவசரத்துக்கு எண் 000.

10. திரும்பும் நாள்

ஊருக்குப் போன் பேச நேரம்: சிட்னி, மெல்போர்ன் நமக்கு நான்கரை மணி நேரம் முன்னால், அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை. பிரிஸ்பேன் கடிகாரத்தை மாற்றுவதில்லை, பெர்த் எப்போதும் இரண்டரை. உள்நாட்டு விமானத்தில் வந்து சர்வதேச விமானம் பிடிக்கிறவர்கள் இந்தக் கடிகார வித்தியாசத்தை இரண்டு தடவை சரிபாருங்கள். முடிந்தால் கடைசி இரண்டு இரவும் கிளம்பும் ஊரிலேயே தங்குங்கள்.

ஒரே கடையில் 300 டாலரோ அதற்கு மேலோ வாங்கியிருந்தால், வாங்கி 60 நாளுக்குள் கிளம்பினால், விலையோடு சேர்த்துக் கட்டிய விற்பனை வரியை விமான நிலையத்தில் திருப்பித் தருவார்கள். வரி ரசீது வேண்டும், பொருள் கையில் வேண்டும். திரவம் மாதிரி கைப்பையில் அனுமதிக்காத பொருள் என்றால் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க அலுவலரிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். குடிநுழைவுச் சோதனை தாண்டியதும் அந்தக் கவுன்டர் வரும், விமானம் கிளம்ப 30 நிமிடம் இருக்கும்போது மூடிவிடுவார்கள். வரிசை நீளமாக இருக்கும், முதலில் அங்கே போய்விட்டு அப்புறம் காபி குடியுங்கள்.